மழைநீரும் சொகுசு மோட்டாரும்

ஆனி, ஆடி மாதங்களில் மும்பையில் வாழும் நாம் வானத்தைப் பார்ப்பதைவிட வீதியையே அதிகம் பார்க்கிறோம். மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளும் அதையடுத்த காந்தி மார்க்கெட்டும் தாழ்வான பகுதிகள். கனமழையும் கடலின் ஏற்றமும் ஒருங்கே வந்தால், வடிய வழியின்றி நீர் தெருவிலேயே நின்றுவிடும். அந்நீரில் விலையுயர்ந்த சொகுசு வண்டி ஒன்று அகப்பட்டுக்கொண்டால் அதனுள் நிகழ்வது என்ன, அப்பொழுது செய்யத்தக்கது எது என்பதை ஆராய்வோம். நம்மவருள் பலர் அத்தகைய வண்டிகளை ஓட்டிப் பிழைப்பவர்கள், அல்லது செப்பனிட்டுப் பிழைப்பவர்கள். ஆகவே இது நம் ஜீவனத்தைப் பற்றிய விஷயமும் ஆகும்.

குர்லாவில் உற்பத்தியான பிரீமியர் பத்மினி வண்டியை நாம் மறக்கவில்லை. 2023 அக்டோபர் வரை அது இந்நகரில் டாக்ஸியாக ஓடியது. மழையில் அது நின்றால், பெரும்பாலும் டிஸ்டிரிபியூட்டர் மூடி நனைந்து தீப்பொறி தவறியதே காரணமாயிருக்கும். மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து, சாவியை இரண்டு மூன்று தரம் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். அன்று கைகொடுத்த அந்தப் பழக்கமே இன்று பெருந்தீங்காக முடிகிறது.

காரணம் எளிது. யந்திரத்தின் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சொகுசு வண்டி தரைக்கு நெருக்கமாக அமைந்தது. வேகமாக நீரில் இறங்கினால் முன்புறம் அலை எழும்பி, காற்றுக் குழாயின் வாய் வழியே நீர் உட்புகுகிறது. யந்திரம் நின்றுவிடுகிறது. அந்நிலையில் மீண்டும் அதைக் கிளப்ப முயன்றால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில சமயம் முறிந்து சிலிண்டர்ச் சுவரையே துளைத்துவிடும்.

செம்பூரில் நமக்கு அண்டை வீட்டார் ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், இத்தகைய வண்டியை ஓட்டிவந்தார். நீரில் வண்டி நின்றதும், "இன்னொரு தரம் முயன்று பார்" என்றார் பின்னால் அமர்ந்திருந்த முதலாளி. மூன்றாம் தரம் பொத்தானை அழுத்தியபொழுது உள்ளே ஏதோ முறியும் ஓசை கேட்டது. பின்னர் விசாரணை வந்தது. அழுத்தியது யார் கை என்று கேட்டார்கள். சொன்னது யார் வாய் என்று எவரும் கேட்கவில்லை. அவர் வேலையை இழந்தார்.

மின்னணுப் பகுதிகளின் நிலை இன்னும் நுட்பமானது. இவ்வண்டிகளில் யந்திரம், கியர், பிரேக், கதவு, இருக்கை ஆகிய ஒவ்வொன்றையும் சிறு கணிப்பொறிகள் ஆளுகின்றன. சிலவற்றில் இக்கருவிகளும் பாட்டரியும் தரைவிரிப்பின் கீழோ, பின்பெட்டியின் அடியிலோ உள்ளன. தேங்கிய நீரில் சாக்கடையும் உப்பும் கலந்திருப்பதால் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. அன்று ஓடிய வண்டி சில வாரங்களுக்குப் பின் எச்சரிக்கை விளக்குகளைக் காட்டத் தொடங்கும். எரியும் விளக்கை அணைத்துவிடுவது வைத்தியமாகாது. விரிப்பை அகற்றி உலர்த்தி, இணைப்புகளைத் துப்புரவு செய்து, பாட்டரியின் வோல்டேஜைச் சோதித்த பிறகே எந்தக் கருவியையும் மாற்ற வேண்டும். பாட்டரி தளர்ந்திருந்தால் நல்ல கருவியும் பழுதானதுபோல் தோன்றும்.

வண்டியைவிட உயிர் பெரிது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மீதி ஆறு தாராவியின் ஓரத்தில் பெருக்கெடுத்தது. அன்று கதவும் கண்ணாடியும் திறவாமல் வண்டிக்குள்ளேயே மாண்டவர்களும் உண்டு. மின்சாரம் தடைப்பட்டால் கண்ணாடி இறங்காது. வெளிநீரின் அழுத்தத்தால் கதவைத் தள்ளவும் இயலாது. ஆகையால் நீர் கதவின் அடிவிளிம்பைத் தொடும்பொழுதே கண்ணாடியை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, வெளியேறிவிட வேண்டும்.

வண்டி நின்றபின் செய்ய வேண்டியவை சில. மீண்டும் கிளப்ப முயலலாகாது. சக்கரங்கள் தரையில் உருளும்படி கட்டி இழுக்காமல், தட்டு லாரியில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும்; ஆட்டோமாட்டிக் கியருள்ள வண்டிக்கு இது மிகவும் அவசியம். பட்டறையில் பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றுவார்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று அறியலாம். அதனை முற்றிலும் மாற்ற வேண்டும்.

இன்ஷ்யூரன்ஸ் பற்றியும் ஒரு சொல். சாதாரணமான முழுப் பாலிஸி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் நீர் புகுந்தபின் யந்திரத்தைக் கிளப்பியதால் நேர்ந்த முறிவைப் பின்விளைவு என்று கூறிக் கம்பெனிகள் மறுப்பதுண்டு. யந்திரப் பாதுகாப்புக்கென்று தனியே கூடுதல் ஏற்பாடு உண்டு. அது எடுக்கப்பட்டுள்ளதா என்று மழைக்காலத்திற்கு முன்பே முதலாளியிடம் கேட்டு அறிந்துகொள்வது டிரைவருக்கு நல்லது. அப்பொழுதே, "நீரில் நின்றால் நான் கிளப்பமாட்டேன், ஐயா" என்று பணிவுடன் சொல்லிவைப்பதும் நல்லது. வெள்ளத்தின் நடுவே சொன்னால் மறுப்பாகத் தோன்றும் சொல், வெயிலில் சொன்னால் யோசனையாக ஏற்கப்படும்.