கையுறைக்குள் ஒளிந்த வஞ்சகம்

ஏனைய விளையாட்டுக்களில் வஞ்சகம் செய்தோன் எதிராளியின் வெற்றியைக் கவர்கிறான். குத்துச்சண்டையிலோ அவனது கண்ணையும் உயிரையுமே கவர்ந்துவிடலாம். ஆகவே, அவ்விளையாட்டை ஆளும் சபைகள் குற்றவாளிகளை எவ்வாறு தண்டிக்கின்றன என்பது நாம் ஊன்றி நோக்கற்பாலது.

நம் நாட்டு நிகழ்ச்சியையே முதலிற் காண்போம். 1938ஆம் ஆண்டு சிட்னி நகரில் நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிகஸ் குத்துச்சண்டையில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தார். குத்துச்சண்டையில் அடுத்த தங்கத்துக்கு 72 ஆண்டுகள் காத்திருந்தோம். 2010இல் டில்லிப் பொதுநலவாய விளையாட்டு விழாவில் மஞ்சு வன்னியாராச்சி அதனை வென்றபோது நாடே மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. பரிசோதனையில் நன்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்து காணப்பட்டது; பதக்கம் பறிக்கப்பட்டது. இறுதிப் போட்டியில் தோற்ற வேல்ஸ் நாட்டு வீரர் ஷோன் மெக்கோல்ட்ரிக்குக்கு அது உரியதாயிற்று.

உடலில் மருந்து காணப்படின் வீரரே பொறுப்பாளி என்பது விதி. ‘யாரோ தந்தார், யான் அறியேன்’ என்னும் விடை தடைக்காலத்தைக் குறைக்கலாமேயன்றிப் பதக்கத்தைக் காப்பதில்லை.

அங்ஙனமாயின், பின்னால் நிற்கும் பயிற்றுநரின் பொறுப்பு யாது? 1983 ஜூன் 16இல் நியூயோர்க் நகரில் லூயிஸ் ரெஸ்டோ என்பவர் பில்லி கொலின்ஸ் என்னும் இளைஞரை வென்றார். போட்டி முடிந்ததும் கொலின்ஸின் தந்தை ரெஸ்டோவின் கையைப் பற்றினார், கையுறை மெலிந்திருந்தது. உள்ளிருந்த திணிப்பு களவாக அகற்றப்பட்டிருந்தமை பின்னர் வெளியாயிற்று. கொலின்ஸின் கண்பார்வை பழுதுற்றது. அவர் மீண்டும் மேடையேறவில்லை. அடுத்த ஆண்டே, 22ஆம் வயதில், கார் விபத்தில் மாண்டார்.

நியூயோர்க் ஆணையம் ரெஸ்டோ, அவர் பயிற்றுநர் பனாமா லூவிஸ் ஆகிய இருவரின் அனுமதிப்பத்திரங்களையும் பறித்தது. போட்டி முடிவையும் செல்லாதாக்கியது. 1986இல் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகளெனக் கண்டு சிறைக்கு அனுப்பியது. ஆயினும், விடுதலையான பின் லூவிஸ் பயிற்சிக் கூடங்களிற் குத்துச்சண்டை பயிற்றியே வந்தார். மேடையோரம் நிற்பதைத் தடுத்த தண்டனை பயிற்சிக் கூடத்தின் வாயிலை எட்டவில்லை.

ஊக்கமருந்து விடயத்தில் இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. 2015இல் நடைமுறைக்கு வந்த உலக விதிக்கோவையின்படி, தடைபெற்ற பயிற்றுநரிடம் பயில்வதே வீரருக்குக் குற்றமாகும். மருந்தேற்றிய பயிற்றுநருக்கு வாழ்நாள் தடையும் விதிக்கலாம். கையுறை வஞ்சகத்துக்கும் இத்தகைய விதி வேண்டும் என்பது நம் கருத்து.

நிந்தவூரிலும் அயலூர்களிலும் சீனடி, சிலம்படி பயின்றோர் அண்ணாவியாரின் சொல்லை வேதவாக்காகக் கொண்டனர். இன்று கபடிக்கும் கரப்பந்துக்கும் செல்லும் நம் பிள்ளைகளும் பயிற்றுநரை அவ்வாறே நம்புகின்றனர். அந்நம்பிக்கை நல்லதே. எனினும், ஒரு குளிகையோ தூளோ நீட்டப்படும்போது, “ஐயா, இது யாது?” என்று கேட்கும் துணிவைப் பெற்றோர் அவர்களுக்கு ஊட்டுதல் வேண்டும். நல்லாசான் அவ்வினாவுக்குச் சினவான்.