நில ஆவணத் தமிழ்: செயல், பதிவு, அடையாளம்

முன்னுரை

வீடோ மனையோ வாங்கும் ஒருவர் தம் வாழ்நாளில் கையெழுத்திடும் ஆவணங்களுள் பெருமதிப்புடையது பெரும்பாலும் கிரயப்பத்திரமே ஆகும். பொருள் உணராமல் கையெழுத்திடும் ஆவணமும் பல நேரங்களில் அதுவே எனலாம். ஆவணச் சொற்கள் கடினமானவை என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அவற்றுட் பல அன்றாட வழக்கிலும் உள்ளவை; ஆனால் அங்கு ஒரு பொருளும் ஆவணத்தில் வேறொரு பொருளும் தருவன. தெரியாத சொல்லைப் பிறரிடம் கேட்டு அறியலாம். தெரிந்ததாக எண்ணும் சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றுவதில்லை.

தமிழகத்து நில ஆவணங்களில் பல மொழிகளின் சொற்கள் கலந்துள்ளன. நன்செய், புன்செய், அடங்கல், புறம்போக்கு முதலியன தமிழ்ச்சொற்கள். கிரயம், தானம், பத்திரம், சுவாதீனம் முதலியன வடமொழி வழி வந்தவை. வாரிசு, தாசில்தார், பசலி, ஜமாபந்தி முதலியன அரபு, பாரசீக மொழிகளின் வழி வந்தவை. உயில், சென்ட், செட்டில்மென்ட் என்பன ஆங்கிலத்தினின்று வந்தவை. இவ்வரலாற்று வகைப்பாடு மொழி ஆய்வாளர்க்குப் பயன்படும். ஆவணத்தைப் படிப்பவர்க்குத் தேவைப்படுவது வேறொரு வகைப்பாடு ஆகும். ஒரு சொல் உரிமையை மாற்றும் செயலைக் குறிக்கிறதா, அரசின் பதிவேட்டில் உள்ள ஒரு பதிவைக் குறிக்கிறதா, அல்லது நிலத்தை அடையாளம் காட்டுகிறதா என்பதே அது. இம்மூன்றும் ஒன்றோடொன்று மயங்குவதே பெரும்பாலான இடர்களுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. செயற்சொற்கள்

பத்திரங்களில் கையெழுத்திடுவோர் 'எழுதிக்கொடுப்பவர்', 'எழுதிப்பெறுபவர்' என்றே குறிக்கப்படுகின்றனர். விற்பனை, தானம், அடைமானம் ஆகிய எல்லாவற்றிற்கும் இப்பெயர்கள் பொது. ஆதலின் என்ன செயல் நிகழ்கிறது என்பதை இப்பெயர்களால் அறிய இயலாது. வினைமுடிபைக் கொண்டே அறிதல் வேண்டும்.

கிரயப்பத்திரத்தில் 'கிரயம் செய்து கொடுத்திருக்கிறேன்' என வினை முடிந்ததாக வரும். கிரய ஒப்பந்தத்தில் 'கிரயம் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொள்கிறேன்' என எதிர்காலம் நோக்கி வரும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 54ஆம் பிரிவில், விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் அச்சொத்தில் எவ்வித உரிமையையும் உண்டாக்குவதில்லை என்று கூறுகிறது. 'கொடுத்திருக்கிறேன்' என்பதற்கும் 'கொடுப்பதாக' என்பதற்கும் உள்ள கால வேறுபாடே சட்டத்தில் உரிமையுள்ளவர்க்கும் உரிமையில்லாதவர்க்கும் உள்ள வேறுபாடாகி விடுகிறது. பேச்சு வழக்கிலோ இரண்டையும் 'பத்திரம் போட்டாயிற்று' என்ற ஒரே தொடரால் குறிப்பிடுகின்றனர்.

செட்டில்மென்ட், உயில் ஆகிய இரண்டிலும் இதைப் போன்ற வேறுபாடு உண்டு. பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொத்தை 'எழுதி வைத்தல்' என இரண்டையும் ஒரே தொடரால் வழங்குவர். தான செட்டில்மென்ட் பத்திரத்தில் 'இன்று முதல்' என்ற தொடரும், உயிலில் 'என் ஆயுட்காலத்திற்குப் பின்' என்ற தொடரும் காணப்படும். உயிலை எழுதியவர் தம் வாழ்நாளில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்டைப் பொதுவாக ஒருதலையாக மாற்ற இயலாது. பராமரிக்கத் தவறிய நிலையில் மட்டும் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச்சட்டம் ஒரு வழியைத் தருகிறது. 'எழுதி வைத்தேன்' என்ற ஒரு தொடர் இவ்விரண்டின் வேறுபாட்டையும் மறைத்து விடுகிறது. முதுமையில் தம் வீட்டிலேயே உரிமையற்றவராகும் நிலை இம்மறைவினால் நேர்கிறது.

'லீஸ்' என்னும் சொல் தமிழில் பொருள் மாறி வழங்குகிறது. சட்டத்தில் அது வாடகை பெற்றுப் பயன்படுத்தும் உரிமையைத் தரும் குத்தகையைக் குறிக்கும். சென்னைப் பேச்சு வழக்கில் 'லீசுக்கு வீடு' என்றால், மாத வாடகையின்றி, பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துக் குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுதல் என்றே பொருள். தென்மாவட்டங்களில் இதனை 'ஒத்தி' என்பர். ஆவண வழக்கில் இது 'போக்கியம்' எனப்படும். சட்டத்தின் நோக்கில் இது அனுபவ அடைமானத்தை ஒத்தது. அடைமானத் தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ ஆனால், 59ஆம் பிரிவின்படி அவ்வகை அடைமானம் பதிவு செய்யப்பட வேண்டும். வெறும் வாடகை ஒப்பந்தமாக எழுதிப் பதியாது விட்டால், கொடுத்த தொகைக்கு அவ்வீடு ஈடாக நிற்பதில்லை.

'பவர்' என்பதும் இவ்வகையில் கருதத்தக்கது. 'பவர் வாங்கிவிட்டேன்' என்பார் நிலத்தையே வாங்கிவிட்டதாக எண்ணுகின்றனர். பொது அதிகார ஆவணம் ஒருவர்க்காக மற்றொருவர் செயல்பட இசைவு தருவதேயன்றி உரிமையை மாற்றுவதன்று. உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் சூரஜ் லேம்ப் வழக்கில் இதனைத் தெளிவாக உரைத்தது.

2. பதிவுச்சொற்கள்

இவ்வகையில் முதன்மையானது 'பட்டா'. 'அந்த இடத்தை அவர் பட்டா போட்டுக்கொண்டார்' என்ற வழக்குத்தொடர், பட்டாவும் உரிமையும் ஒன்றே என்னும் மக்கள் கருத்தைக் காட்டுகிறது. இக்கருத்து அடிப்படையற்றதன்று. நிலமற்றோர்க்கு அரசு தன் நிலத்தை ஒப்படைக்கும்போது வழங்குவதும் பட்டாவே. அங்கு அச்சொல் கொடைச் செயலையே குறிக்கிறது. ஆனால் தனியாரிடையே நடைபெறும் விற்பனையில் பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவேட்டில் நிலவரிக்கு உரியவர் இன்னார் என்று காட்டும் பதிவு மட்டுமே. வருவாய்ப் பதிவுகள் தம்மளவில் உடைமையுரிமையைத் தருவதில்லை என்பதை நீதிமன்றங்கள் பலமுறை உரைத்துள்ளன. ஒரே சொல் ஓரிடத்தில் செயற்சொல்லாகவும் மற்றோரிடத்தில் பதிவுச்சொல்லாகவும் அமைவதே இம்மயக்கத்திற்குக் காரணம்.

சிட்டா, அடங்கல் ஆகியனவும் பதிவுச்சொற்களே. சிட்டா ஒருவர் பெயரிலுள்ள நிலங்களின் விவரத்தையும், அடங்கல் ஒவ்வொரு பசலியிலும் நிலத்தில் விளைந்த பயிர் முதலிய விவரத்தையும் தருவன. பசலி ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கி மறு ஆண்டு சூன் முடிய வருவது. 1400ஆம் பசலி 1990 சூலையில் தொடங்கியது.

'வில்லங்கம்' என்பது வழக்கில் தகராறு, சிக்கல் என்று பொருள்படும். ஆதலின் 'வில்லங்கம் இல்லை' என்னும் சான்றினை 'எச்சிக்கலும் இல்லை' என்று படிப்பது இயல்பு. சான்று கூறுவது அதுவன்று. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சொத்தின்மீது, சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் பதிவு எதுவும் காணப்படவில்லை என்பதே அதன் பொருள். பதியப்படாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, பங்கு பெறாத வாரிசின் உரிமை ஆகியன அச்சான்றில் இடம்பெறுவதில்லை. 'இல்லை' என்பதற்கும் 'காணப்படவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்குப் பெரிதும் கருதத்தக்கது.

3. அடையாளச்சொற்கள்

நிலத்தின் நான்கெல்லைகளைக் கூறும் தொடரில் வேற்றுமை உருபு சிறப்பிடம் பெறுகிறது. 'இன்னார் நிலத்துக்கு வடக்கு' என்று பத்திரத்தில் வருமாயின், விற்கப்படும் நிலம் அவருடைய நிலத்திற்கு வடக்கே உள்ளது. அதாவது அவர் நிலம் தெற்கெல்லையாகும். 'வடக்கில் இன்னார் நிலம்' என்று வருமாயின் அவர் நிலம் வடக்கெல்லையாகும். இவ்விரு நடைகளும் இன்றும் வழக்கில் உள்ளன. நான்காம் வேற்றுமையைக் கவனியாமல் படித்தால் திசைகள் தலைமாறும். சோழர் கல்வெட்டுகளில் கீழ்பாற்கெல்லை இன்னதற்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னதற்கு வடக்கு என எல்லையின் பெயரையும் நிலத்தின் நிலையையும் சேர்த்தே கூறும் மரபு காணப்படுகிறது. இதில் மயக்கத்திற்கு இடமில்லை. பரப்பளவும் எல்லையும் முரண்படும்போது பொதுவாக எல்லைக்கே முதன்மை தருவது நீதிமன்ற மரபாதலின், இத்தொடரின் தெளிவு இன்றியமையாதது.

அளவைச் சொற்களில் சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 435.6 சதுர அடி. சென்னையில் வழங்கும் கிரவுண்டு 2,400 சதுர அடி. தஞ்சைப் பகுதியில் குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி, அதாவது ஏறத்தாழ 6.6 ஏக்கர். குழியின் அளவு வட்டாரந்தோறும் மாறுவதால் பழைய பத்திரங்களை அவ்வவ் வட்டார வழக்கறிந்தே படித்தல் வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளின் வருகையால் புதிய சொற்கள் தோன்றியுள்ளன. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா'வை வரையறுத்துள்ளது. வீட்டினுள் பயன்படும் தளப்பரப்பு அது. உட்சுவர்கள் அதில் அடங்கும். வெளிச்சுவர்களும் பால்கனியும் அடங்கா. 'சூப்பர் பில்டப் ஏரியா' என்பதற்கு அச்சட்டத்தில் வரையறை இல்லை. மாடிப்படி, நடைவழி முதலிய பொது இடங்களின் பங்கையும் சேர்த்து விற்பனையாளர் கூறும் கணக்கு அது. 'பிரிக்கப்படாத பாகம்' என்பது அடிநிலத்தில் ஒவ்வொருவர்க்கும் உள்ள பங்கு. விளம்பரங்களில் இம்மூன்றும் 'சதுர அடி' என்ற ஒரே அலகால் குறிக்கப்படுவதால் ஒன்று மற்றொன்றாகக் கொள்ளப்படுகிறது.

4. கலைச்சொல்லாக்கம் குறித்து

நில ஆவணங்களை எளிய தமிழில் அமைக்க வேண்டும் என்னும் கருத்து வரவேற்கத்தக்கது. ஆயினும் பிறமொழிச் சொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லைப் பெய்வதனால் மட்டும் தெளிவு பிறந்துவிடாது. வடமொழியில் 'கிரய' என்பது வாங்குதலையும் 'விக்கிரய' என்பது விற்றலையும் குறிக்கும். தமிழ் ஆவண வழக்கில் கிரயம் விற்பனைக்கும் விலைக்கும் பெயராகி நிலைபெற்று விட்டது. வழக்கில் நிலைத்த இச்சொல்லால் தீங்கொன்றும் இல்லை. 'விலையாவணம்' என்னும் கல்வெட்டுச் சொல்லை மீட்பதாலும் தீங்கில்லை. ஒரே சொல்லால் இருவேறு செயல்களைக் குறிப்பதே தீங்கு. ஆதலின் கலைச்சொல் வகுப்போர், ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு சொல், பதிவுக்குத் தனிச்சொல் என்ற நெறியை முதற்கண் கொள்ளுதல் நலம்.

முடிவுரை

பத்திரம் படிப்பவர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இவ்வாவணத்தின் வினைமுடிபு யாது, அது எக்காலத்தைக் காட்டுகிறது? இது செயலா, பதிவா? எல்லைத்தொடரில் உருபு எச்சொல்லோடு சேர்ந்துள்ளது? இவற்றிற்கு விடை காணச் சட்டப் புலமை தேவையில்லை; தமிழை நிதானமாகப் படிக்கும் பழக்கமே போதும். உரிமை முழுமையானதா என்பதை முடிவு செய்ய வழக்கறிஞரின் துணை எப்போதும் தேவை. ஆனால் எதனைக் கேட்க வேண்டும் என்று அறிந்து அவரிடம் செல்பவர் ஏமாறும் வாய்ப்புக் குறைவு. பள்ளி இலக்கணப் பாடத்தில் கால இடைநிலையையும் நான்காம் வேற்றுமையையும் கற்பிக்கும்போது ஒரு கிரயப்பத்திரப் படியையும் மாணவர்முன் வைப்பின், இலக்கணம் வாழ்க்கைக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது அவர்களுக்கு எளிதில் விளங்கும்.