கொல்லைக்கதவு திறந்த கணினி

2019 அக்டோபர் 29ஆம் தேதி கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து ஒரு மறுப்பு வந்தது. உலைகளின் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் வெளி இணையத்துக்கும் தொடர்பே கிடையாது, அதன்மீது இணையவழித் தாக்குதல் நடக்க வாய்ப்பில்லை என்றது அது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தங்கள் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருந்தது உண்மைதான் என்று அறிவித்தது. நாட்டின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4ஆம் தேதியே அதைத் தெரிவித்துவிட்டதாம். பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு பயனரின் கணினி. உலைகளை இயக்கும் உள்வலை தனியானது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உலை தப்பியது பெரிய ஆறுதல். ஆனால் வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டியது அந்த ஒற்றைக் கணினியைப் பற்றித்தான். கடிதம் தட்டவும் மின்னஞ்சல் பார்க்கவும் வைத்திருந்த சாதாரணப் பெட்டி அது. கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை மேசைமேல் இருப்பதற்கும் அதற்கும் அடிப்படையில் வேறுபாடு கிடையாது.

அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தீநிரலின் பெயர் டிடிராக். 2018இல் இந்திய ஏடிஎம் இயந்திரங்களில் இதன் உறவுக்காரன் ஒருவனைப் பார்த்த காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், 2019 செப்டம்பரில் இந்திய நிதி நிறுவனங்களிலும் ஆய்வு மையங்களிலும் டிடிராக் இருப்பதாக எழுதியது; 180க்கும் மேற்பட்ட மாதிரிகள் கையில் கிடைத்ததாகவும் சொன்னது. தட்டும் எழுத்துகளைப் பதிவுசெய்வது, உலாவியின் வரலாற்றை எடுப்பது, வட்டிலுள்ள கோப்புகளையெல்லாம் பட்டியல் போடுவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் குறித்துக்கொள்வது, வெளியிலிருந்து வரும் கட்டளைப்படி புதிய கோப்பை உள்ளே இறக்குவது என எல்லாம் அதற்குத் தெரியும். கடைசியாகச் சொன்ன வேலைதான் பின்வாசல் தீநிரலை மற்ற வைரஸ்களிடமிருந்து பிரிக்கிறது. சாதாரண வைரஸ் வந்த காரியத்தை முடித்துவிட்டு நிற்கும். இது கொல்லைக்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவைத்துவிட்டுக் காத்திருக்கும். யார் வந்தார்கள், எத்தனை முறை வந்தார்கள், எதை வைத்துவிட்டுப் போனார்கள் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. கூடங்குளம் மாதிரியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள் அதற்குள் நிலையத்தின் உள்வலை முகவரியும் நிர்வாகிக் கணக்கின் விவரமும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததைக் கண்டார்கள். அப்படியென்றால் யாரோ ஏற்கெனவே உள்ளே போய் நோட்டம் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். கையில் அகப்பட்டது இரண்டாவது முறை வந்தவன். பின்வாசல் திறந்த கணினியில் கண்ணில் பட்ட கோப்பை மட்டும் அழிப்பது போதாது, அதை முழுவதும் துடைத்து முதலிலிருந்து நிறுவ வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

‘நம்ம கம்ப்யூட்டர்ல திருட என்ன இருக்கு?’ என்ற கேள்வி உடனே வரும். ஊரில் ஒரு கணினி பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க வந்தவர்களின் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் டெஸ்க்டாப்பில் மாதக்கணக்கில் கிடக்கும். வீட்டு மடிக்கணினியிலும் உலாவி நினைவில் வைத்திருக்கும் மின்னஞ்சல் இருக்கிறது. அந்த மின்னஞ்சலைப் பிடித்தால் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். ‘ஓடிபி இல்லாமல் முடியாதே’ என்பதும் முழு உண்மையில்லை. ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் அடையாளத்தை உலாவியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டால் கடவுச்சொல்லும் ஓடிபியும் கேட்கப்படாமலே போகலாம். அதோடு, அந்தக் கணினியை முன்னிறுத்தி வேறொருவரைத் தாக்கவும் முடியும். அப்போது தடம் உங்கள் இணைப்பில் வந்து நிற்கும்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: ‘ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் செய்தாயிற்று, சுத்தம் என்று காட்டுகிறது.’ ஸ்கேன் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. விளம்பரம் கொட்டும் நிரல், பரவலாகத் தெரிந்த பழைய வைரஸ் போன்றவற்றுக்கு அது போதும். செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரம் இதற்கான கருவிகளை இலவசமாகவே தருகிறது. பின்வாசல் விஷயம் வேறு. 2017 ஆகஸ்டில் சிகிளீனர் என்ற புகழ்பெற்ற கணினித் துப்புரவு நிரலின் அதிகாரபூர்வப் பதிப்புக்குள்ளேயே யாரோ பின்வாசல் வைத்துவிட்டார்கள். தயாரிப்பாளரின் முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு 22 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களிடம் அது போய்ச் சேர்ந்தது. அவற்றுள் சுமார் 40 கணினிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றில் மட்டும் இரண்டாவது நிரலை இறக்கினார்கள். புதிய பதிப்புக்கு மாறினால் முதல் நிரல் போய்விடும், இரண்டாவது அங்கேயே இருக்கும். அதனால்தான் இதை ஆராய்ந்த சிஸ்கோவின் டாலோஸ் குழு, நிரலை நீக்கினாலோ புதுப்பித்தாலோ போதாது, பழைய காப்புப்பிரதிக்குத் திரும்புங்கள் அல்லது கணினியை மறுபடி நிறுவுங்கள் என்றது. எதிராளி நிர்வாகி அதிகாரத்தோடு உள்ளே இருந்த கணினி தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் சாட்சியை நம்ப முடியாது. ஸ்கேன் முடிவும் அந்தச் சாட்சியின் ஒரு பகுதிதான்.

துடைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. சந்தேகம் வந்ததும் வைஃபையை நிறுத்தி, வலைக் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். கடவுச்சொற்களை அந்தக் கணினியிலேயே மாற்றினால் புதிய சொல்லும் நேராகத் திருடனிடம் போகும். ஆகவே வேறொரு நல்ல கைபேசியிலிருந்து மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்த வேண்டும். படம், ஆவணம் ஆகியவற்றை மட்டும் தனி வட்டில் எடுத்து, திரும்பச் சேர்க்கும் முன் ஸ்கேன் செய்ய வேண்டும். நிறுவும் கோப்பு எதையும் எடுக்கக் கூடாது. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து இன்னொரு கணினியில் தயாரிக்க வேண்டும். ‘ஃபார்மட் போட்டாச்சு’ என்று சர்வீஸ் கடையில் சொன்னால் சி டிரைவை மட்டுமா என்று கேளுங்கள். டி டிரைவைத் தொடாமல் விடுவது வழக்கம். தீநிரலைக் கொண்டுவந்த அதே நிறுவும் கோப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும், யாராவது மறுபடி சொடுக்குவார்கள். எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும்.

‘ஒரிஜினல் விண்டோஸ் வாங்கக் காசு எங்கே?’ என்ற கேள்வியை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. மாதம் முழுக்க நகல் எடுத்துச் சம்பாதிக்கும் கடைக்கு அது பெரிய தொகை. ஆனால் அதற்குப் பதிலாக உரிமத்தை ஏமாற்றப் போடும் கிராக் நிரல்கள் முதலில் கேட்பதே ‘ஆன்டிவைரசை நிறுத்திவிட்டு நிறுவுங்கள்’ என்பதைத்தான். காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வதை நாம் ஏனோ சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறோம். விண்டோஸோடு விற்கப்பட்ட மடிக்கணினி என்றால் உரிமம் பெரும்பாலும் அதன் பலகையிலேயே இருக்கிறது. மறுபடி நிறுவினால் தானே அடையாளம் கண்டுகொள்ளும். அது இல்லாதவர்களுக்கு இலவச இயங்குதளமான லினக்ஸ் இருக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளிலேயே வந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டதால் பழைய கணினிக்காரர்கள் இதை யோசிக்க இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது.

வட்டைத் துடைத்தாலும் தாய்ப்பலகையின் நினைவகத்தில் ஒளிந்து தப்பும் தீநிரலும் உண்டு. 2018இல் இசெட் நிறுவனம் கண்டுபிடித்த லோஜாக்ஸ் அப்படிப்பட்டது. அது அரிது. சாதாரண வீட்டுக் கணினியில் அதற்குப் பயந்து துடைக்காமல் இருப்பதில் அர்த்தமில்லை. எந்தத் துடைப்பாலும் திரும்ப வராதது ஏற்கெனவே வெளியே போன தகவல். கடையில் யாருடைய ஆவணங்கள் இருந்தனவோ அவர்களிடம் சொல்வது சங்கடமான வேலை, வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயமும் நியாயமானது. இருந்தாலும் சொன்னால்தான் அவர் ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டிவைக்க முடியும், வங்கிக் கணக்கைக் கவனிக்க முடியும், பணம் போனால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழைக்க முடியும்.