குடுவையில் தோன்றிய மஞ்சள் படிகம்

செய்முறை வகுப்பில் உப்புப் பகுப்பாய்வு செய்கிறீர்கள். வெள்ளை வீழ்படிவு வர வேண்டிய சோதனைக் குழாயில் மஞ்சளாக ஏதோ வருகிறது. என்ன செய்வீர்கள்? நம்மில் பலர் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் 'வெள்ளை வீழ்படிவு' என்று எழுதிவிடுவோம். புத்தகம் அப்படித்தானே சொல்கிறது!

எதிர்பாராத ஒரு மஞ்சள் நிறம் 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஓர் ஆசிரியரின் கண்ணிலும் பட்டது. அவர் குடுவையைக் கழுவவில்லை. அவர்தாம் பிரபுல்ல சந்திர ரே.

1861-இல், இன்று வங்காள தேசத்தில் உள்ள ராருலி கிராமத்தில் பிறந்தவர் ரே. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1887-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ஆயினும் கல்வித் துறையின் உயர் பதவிகளில் பெரும்பாலும் ஆங்கிலேயரே அமர்த்தப்பட்ட காலம் அது. 1889-இல் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலையே அவருக்குக் கிடைத்தது.

பூரமும் வீரமும்

நம் சித்த மருத்துவ நூல்களில் பூரம், வீரம் என்று இரு பாதரசச் சரக்குகள் பேசப்படுகின்றன. வீரம் என்பது மெர்க்குரிக் குளோரைடு, கொடிய நஞ்சு. பூரம் என்பது மெர்க்குரஸ் குளோரைடு. பூரத்தில் பாதரச அணுக்கள் தனித்தனியாக இருப்பதில்லை; இரண்டிரண்டாக இணைந்து ஒரே அயனியாக இருக்கின்றன. இதுவே மெர்க்குரஸ் அயனி. இந்த இரட்டையரை எளிதில் பிரித்துவிடலாம். அப்போது ஓர் அணு உலோகமாகிவிடும். மற்றது மெர்க்குரிக் அயனியாக மாறிவிடும்.

குளிர்ந்த, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பாதரசத்தை இட்டு, ரே மெர்க்குரஸ் நைட்ரேட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அப்போது மஞ்சள் படிகங்கள் தோன்றின. ஏதோ ஒரு கார உப்பு என்றே முதலில் எண்ணினார். ஆனால், அமிலம் மிகுந்த கரைசலில் கார உப்பு எப்படி உண்டாகும்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. சோதித்தார். அது மெர்க்குரஸ் உப்பு; அதே சமயம் நைட்ரைட்டும்கூட! நைட்ரைட் அயனியும் எளிதில் சிதையக் கூடியதே. நிலையற்ற இரண்டு அயனிகள் சேர்ந்து ஒரு நல்ல படிகத்தைத் தந்திருந்தன. 1896-இல் மெர்க்குரஸ் நைட்ரைட் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. பின்னாளில் எக்ஸ் கதிர் ஆய்வு இந்தப் படிகத்தின் உள்ளமைப்பையும் காட்டியது.

எடை சொன்ன சாட்சி

நைட்ரைட்டுகளை ரே பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவற்றுள் அம்மோனியம் நைட்ரைட்டை நீங்கள் அறிவீர்கள். பள்ளியில் நைட்ரஜன் தயாரிக்கும்போது, சூடேறியதும் நைட்ரஜனாகவும் நீராகவும் சிதைவது அதுதான். தூய்மையான நிலையில், குறைந்த அழுத்தத்தில், இதைச் சிதையாமலே ஆவியாக்க முடியும் என்றார் ரே.

கண்ணுக்குத் தெரியாத ஆவி சிதைந்ததா இல்லையா என்று எப்படி அறிவது? இங்கே இயற்பியல் கைகொடுக்கிறது. அம்மோனியம் நைட்ரைட்டின் மூலக்கூறு எடை 64. ஆவியடர்த்தி அதில் பாதி, அதாவது 32. அது ஒரு நைட்ரஜன் மூலக்கூறாகவும் இரண்டு நீர் மூலக்கூறுகளாகவும் சிதைந்தால், அதே 64 மூன்று பங்காகிவிடும். ஆவியடர்த்தி ஏறத்தாழ 10.7 ஆகக் குறையும். ஆகவே, ஆவியை அளந்தால் உண்மை வெளிவந்துவிடும். இந்த அளவீடுகளை 1912-இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் ரே எடுத்துரைத்தார். நோபல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சே அவரைப் பாராட்டினார்.

அடுத்து, கந்தகம் அடங்கிய கரிமச் சேர்மங்களோடு பாதரசமும் பிளாட்டினமும் எவ்வாறு இணைகின்றன என்று ஆராய்ந்தார். உலோகமும் கரிமப் பொருளும் சந்திக்கும் இந்தத் துறை இன்று பெரிதாக வளர்ந்திருக்கிறது. அவருடைய மாணவர் பிரியதாரஞ்சன் ரேயின் பெயர், 'ரே–தத் திருப்பம்' என்று கனிம வேதியியல் நூல்களில் நிலைத்திருக்கிறது.

பாரிசிலிருந்து ஓர் ஊக்கம்

புதுவை மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. நம் ஊர் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த அந்நாளில், பிரான்சின் தலைசிறந்த வேதியியலறிஞர்களுள் ஒருவர் பெர்த்தலோ. கிரேக்க இரசவாதத்தைப் பற்றி நூல் எழுதியவர். இந்திய இரசவாதச் சுவடிகளைப் பற்றி ரே அவருக்கு எழுதினார். பெர்த்தலோ தந்த ஊக்கத்தால் பிறந்ததே 'இந்து வேதியியல் வரலாறு'. 1902-இலும் 1909-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

தமக்கு அறுபது வயதான பிறகு, தம் சம்பளம் முழுவதையும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார் ரே. 1944-இல் மறைந்தார்.

பாதரச ஆவி நஞ்சு. ஆகையால் ரேயின் சோதனையை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். ஆனால், அவர் கேட்டது போன்ற கேள்வியை நீங்களும் கேட்கலாம். அடுத்த முறை உங்கள் குழாயில் நிறம் மாறி வந்தால், கண்டதைக் கண்டபடியே எழுதுங்கள், 'ஏன் இப்படி?' என்று ஆசிரியரைக் கேளுங்கள். பெரும்பாலும் குழாயில் இருந்த அழுக்குத்தான் காரணமாக இருக்கும். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே!