நேரலை வியாபாரமும் கறுப்புத் திரையும்

நேரலையில் பொருள் விற்கும் வியாபார நண்பர்களுக்காக இந்த வாரம் எழுதுகிறேன். முதலில் எமது கடையில் ஒரு பெருநாள் காலத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

இரவு எட்டு மணிக்கு யூடியூப் நேரலையில் அபாயாக்களைக் காட்டி விற்றோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இருந்தது. வேண்டியவர் அந்த இலக்கத்தை சாட்டில் எழுத வேண்டும். முதலில் எழுதியவருக்கே பொருள். கடைப் பையன் கையடக்கத் தொலைபேசியைப் பார்த்துப் பார்த்து கொப்பியில் ஓடர் எழுதினான். ஆட்கள் கூடியதும் செய்திகள் ஓடத் தொடங்கின. பையன் ஒன்றை எழுதி நிமிர்வதற்குள் பத்துச் செய்திகள் மேலே போய்விட்டன.

14ஆம் இலக்க அபாயாவை கண்டியைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிக் கொடுத்தோம். மறுநாள் காலை கல்முனையிலிருந்து ஒரு சகோதரி அழைப்பெடுத்து, "நானா, நான்தானே முதலில் எழுதினேன்" என்றார். பல வருட வாடிக்கையாளர். அவர் சொல்வது சரியென்றோ பிழையென்றோ காட்ட என்னிடம் ஓர் ஆதாரமும் இருக்கவில்லை. மறு ஒளிபரப்பில் சாட் வராதபடி நாங்களே நிறுத்தி வைத்திருந்தோம். அதன் பிறகு அவர் எம்மிடம் எதுவும் வாங்கவில்லை. ஒரு அபாயாவின் இலாபத்தை விட அந்த நட்டம் பெரியது.

விடயத்தைக் கேள்விப்பட்ட என் மருமகன், "மாமா, சாட்டை டெர்மினலில் பாருங்கள்" என்றார். கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்தும் காட்டினார்.

டெர்மினல் என்றால் என்ன?

மவுஸால் படங்களைச் சொடுக்காமல், கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியிடம் வேலை வாங்கும் திரைதான் டெர்மினல். எழுத்து மட்டுமே வரும். விண்டோஸ் கணினியில் 'கொமாண்ட் ப்ரொம்ப்ட்', 'பவர்ஷெல்' என்ற பெயர்களில் இது ஏற்கனவே இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

நேரலைச் செய்திகளை இதில் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. 'சாட் டவுன்லோடர்' அவற்றில் ஒன்று. 'பைத்தன்' என்ற மென்பொருளை கணினியில் நிறுவியபின் அதன் மூலம் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு மென்பொருளின் பெயரையும் உங்கள் நேரலையின் இணைய முகவரியையும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து என்டர் பொத்தானை அழுத்தினால் போதும். ஒவ்வொரு செய்தியும் ஒரு வரியாக இறங்கும். முதலில் நேரம், அடுத்து எழுதியவர் பெயர், பிறகு செய்தி. எமது கடைகளில் எழுதும் நாட்குறிப்புக் கணக்கைப் போன்றதுதான்.

பழைய விடயம்தான்

இது புதுமையான ஒன்றல்ல. 1988ஆம் ஆண்டு பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஒய்காரினன் என்பவர் 'ஐ.ஆர்.சி.' என்ற அரட்டை முறையை உருவாக்கினார். அன்று அரட்டை என்பதே டெர்மினலில் ஓடும் எழுத்து வரிகள்தான். 2011இல் தொடங்கி 2014இல் அமேசான் நிறுவனம் வாங்கிய 'ட்விட்ச்' நேரலைத் தளம் தனது சாட்டுக்கு அந்த முறையையே எடுத்துக்கொண்டது. ஆகவே ட்விட்ச் சாட்டை பழைய ஐ.ஆர்.சி. மென்பொருளாலும் வாசிக்கலாம். வாசிப்பதற்கு மட்டுமென்றால் கணக்குக்கூடத் தேவையில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு முறை தளம் 'பிங்' என்று கேட்கும். எமது மென்பொருள் 'பொங்' என்று பதில் சொல்லாவிட்டால், ஆள் இல்லையென்று தொடர்பைத் துண்டித்துவிடும்.

யூடியூப்பின் முறை வேறு. புதிய செய்தி உண்டா என்று மென்பொருள் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். கூகுளிடம் அனுமதித் திறப்பொன்றைப் பெற்று உத்தியோகபூர்வ வழியிலும் இதைச் செய்யலாம். அதற்கு நாளொன்றுக்கு 10,000 அலகுகள் என்பது சாதாரண எல்லை. பேஸ்புக்கில் விற்பவர்களும் தமது பக்கத்துக்கென இப்படியான திறப்பைப் பெறவேண்டி வரும். அந்த வேலையை விடயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்விப்பது நல்லது.

எமக்கு என்ன பிரயோசனம்?

முதலாவது, வரிகளை அப்படியே ஒரு கோப்பில் சேமிக்கலாம். ஒரு வரிக்கு 100 எழுத்து என்றாலும் 2,000 செய்திகளுக்கு இரண்டு இலட்சம் எழுத்துகள்தான். கையடக்கத் தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது. வாடிக்கையாளர் பிறகு செய்தியை அழித்தாலும் ஏற்கனவே பதிந்த வரி உங்கள் கோப்பில் இருக்கும்.

இரண்டாவது, தேடலாம். லினக்ஸில் 'கிரெப்', விண்டோஸில் 'பைன்ட்ஸ்ட்ர்' என்ற கட்டளைகள் உள்ளன. 14 என்று கொடுத்தால் 14 உள்ள வரிகளை மட்டும் நேர ஒழுங்கில் காட்டும். யார் முதலில் எழுதினார் என்பதில் பிறகு வாக்குவாதம் இல்லை.

மூன்றாவதுதான் நான் தாமதமாக அறிந்துகொண்டது. யூடியூப் சாட்டில் 'டொப் சாட்', 'லைவ் சாட்' என இரண்டு காட்சிகள் உண்டு. திறந்தவுடன் வருவது டொப் சாட். தேவையற்றவை என்று தளம் கருதும் செய்திகள் அதில் வடிகட்டப்படும். எல்லாச் செய்திகளும் வருவது லைவ் சாட்டில். எங்கள் பையன் அன்றிரவு பார்த்தது டொப் சாட்டை. கல்முனைச் சகோதரியின் செய்தி அதில் விடுபட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. டெர்மினலைப் பயன்படுத்தாதவர்களும் இந்த ஒன்றையாவது இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

நேரலைப் படம் பார்வையாளரை அடைய சில வினாடிகள் எடுக்கும். யூடியூப்பில் 'அல்ட்ரா லோ' என்ற அமைப்பில் பெரும்பாலும் ஐந்து வினாடிக்குள், 'லோ' அமைப்பில் பத்து வினாடிக்குள். இணைப்பு மெதுவாக உள்ளவருக்கு இன்னும் பிந்தும். கோப்பில் உள்ள நேரம் செய்தி வந்த நேரமே தவிர, அவர் பொருளைக் கண்ட நேரமல்ல. எனவே 'முதலில் வந்த செய்திக்கே பொருள்' என்ற நிபந்தனையை நேரலையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

டெர்மினலில் தமிழ், சிங்கள எழுத்துகள் சில வேளை பிரிந்தோ பெட்டிகளாகவோ தெரியும். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் திரையின் குறைதான். சேமித்த கோப்பை 'நோட்பேட்'டில் திறந்து பாருங்கள்.

இலவச மென்பொருள்கள் தளம் தன் அமைப்பை மாற்றும்போது திடீரென வேலை செய்யாமல் போகலாம். முதல் நாளே ஒரு சிறிய நேரலை நடத்திப் பரீட்சித்துக்கொள்ளுங்கள். கொப்பியையும் கைவிட வேண்டாம். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கட்டளையை டெர்மினலில் ஒட்டி ஓடவிடாதீர்கள். கடைச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்குச் சமம் அது.

இன்னொன்று, வாடிக்கையாளர்கள் தொலைபேசி இலக்கத்தையும் விலாசத்தையும் சாட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. பொருளின் இலக்கத்தை மட்டும் சாட்டில் எழுதுங்கள், விலாசத்தைத் தனியாக அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். கோப்பை மற்றவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பொருள் போய்ச் சேர்ந்து கணக்கு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இப்போது எமது நேரலைகளில் பையன் கெமராவுக்குப் பின்னால் பழைய கணினியொன்றின் முன் அமர்ந்திருக்கிறான். போன மாதமும் ஓர் இலக்கத்துக்கு இருவர் வந்தார்கள். இரண்டு வரிகளையும் நேரத்தோடு எடுத்து, பெயர்களை மறைத்து இருவருக்கும் அனுப்பினேன். வித்தியாசம் மூன்று வினாடி. பிந்தியவர், "பரவாயில்லை நானா, அடுத்த முறை பார்ப்போம்" என்றார். அடுத்த வாரமே வந்து இரண்டு அபாயா வாங்கினார்.