கோவூருக்கு வந்த தியாகையர்

பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில், போரூரில் இடப்புறம் திரும்பிக் குன்றத்தூரை நோக்கிப் போனால், வழியில் கோவூர் என்னும் சிவஸ்தலத்தைக் காணலாம். சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூருக்கு அயலூர் அது. சுந்தரேசுவரரும் சௌந்தராம்பிகையும் எழுந்தருளியிருக்கும் இவ்வூரைத் தொண்டை நாட்டின் புதன் ஸ்தலம் என்று கிரக தோஷத்துக்குப் பரிகாரம் தேடுவோர் அறிவார்கள். சங்கீத ரசிகர்கள் அறிந்திருப்பதோ வேறு காரணத்தால். தியாகப் பிரம்மம் இவ்வூர்ப் பெருமான்மீது ஐந்து கிருதிகளை இயற்றினார். அவற்றிற்குக் கோவூர்ப் பஞ்சரத்தினம் என்று பெயர்.

1767ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்து, 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி திருவையாற்றில் சித்தியடைந்த அம்மகான், வாழ்நாளின் பெரும்பகுதியைக் காவிரிக் கரையிலேயே கழித்தார். உஞ்சவிருத்தியே ஜீவனம். தஞ்சை அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தபோது செல்வம் சுகமா, ராமன் சந்நிதிச் சேவை சுகமா என்னும் கேள்வியையே கல்யாணி ராகக் கிருதியாக்கி விடையளித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சினங்கொண்ட தமையனார் ஜபேசர், பூஜை விக்கிரகங்களைக் காவிரியில் எறிந்துவிட்டாராம். அச்செயல் கொடிதே. ஆயினும் அவருடைய கோபம் முழுதும் நியாயமற்றது என்று நாம் சொல்லத் துணியோம். குடும்பம் நடத்துவோருக்கு அரிசியின் விலை தெரியும்.

மேல்நாட்டிலும் அக்காலத்துச் சங்கீதக்காரர்களுக்கு அரசர் தயவே கதி. செக் நாட்டில் 1679ஆம் ஆண்டு பிறந்த யான் டிஸ்மாஸ் ஜெலென்கா என்னும் மேதை, ஜெர்மனியின் டிரெஸ்டன் அரண்மனையில் நெடுங்காலம் ஊழியம் செய்தார். தலைமை வித்வான் பதவி வேண்டி 1733இல் மன்னருக்கு விண்ணப்பம் எழுதினார். பதவி ஹாஸ்ஸே என்பவருக்கே கிடைத்தது. 1745இல் கண்மூடும் வரை ஜெலென்காவுக்கு அது கிட்டவில்லை. அவர் விண்ணப்பித்தும் பெறாததை, நம்மவர் அழைத்தும் ஏற்கவில்லை.

இத்தகையவர், அறுபதைக் கடந்த முதுமையில், காஞ்சிபுரம் உபநிஷத் பிரம்மேந்திரரின் அழைப்பை ஏற்று யாத்திரை புறப்பட்டார். சென்னையில் பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியார் என்னும் தனவந்தரின் இல்லத்தில் தங்கினார். பின்னர் முதலியார் அவரைத் தம் சொந்த ஊருக்கு அழைத்துச் சென்றார். தம்மைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று முதலியார் விரும்பியதாகவும், நரஸ்துதி செய்யாத தியாகையர் கோயிலுக்குள் சென்று இறைவனைப் பாடியதாகவும் ஒரு வரலாறு வழங்குகிறது. ஊர்ப் பெருமான் பெயரும் சுந்தரேசர். முதலியார் பெயரும் சுந்தரேசர்! கேட்டதை அவர் பெற்றாரா, பெறவில்லையா என்று வாசகர்களே தீர்ப்பளிக்கட்டும்.

சஹானா, கரஹரப்பிரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம் ஆகிய ராகங்களில் அமைந்தவை அக்கிருதிகள். நான்கு தெலுங்கில்; பந்துவராளிக் கிருதி மட்டும் சம்ஸ்கிருதத்தில். அதில் கோவூர் என்னும் நம் தமிழ்ப் பெயர் ‘கோபுர’ என உருமாறி நிற்பதைக் கவனித்துக் கேட்டால் அறியலாம். உன்னைப் போன்ற தெய்வத்தை இவ்வுலகில் எங்கும் கண்டதில்லை என்கிறது சஹானாக் கிருதி. சுந்தரேசுவரரைக் கண்டபின் பிற தேவர்களைக் காண மனம் வருமோ என்கிறது சங்கராபரணம். சொல்பவர் யார்? ராம நாமத்தையே மூச்சாகக் கொண்டவர்! சைவம், வைணவம் என்று சண்டையிடுவோர் இவ்விரண்டையும் ஒருமுறை கேட்பது நலம்.

திருப்பதிக்கு விடைபெற்றபோது, ராமநவமி உற்சவத்துக்கென முதலியார் ஆயிரம் பொன்னைத் தியாகையர் அறியாமல் பல்லக்கில் வைத்துவிட்டார். நாகலாபுரத்தருகே கள்வர் வழிமறித்தனர். பொன் இருப்பதைச் சீடர் சொல்லக் கேட்ட தியாகையர், அது ராமனுடையது, அவனே காத்துக்கொள்வான் என்றாராம். முன்னும் பின்னும் துணை வருமாறு ராமலக்ஷ்மணரை அழைக்கும் தர்பார் ராகக் கிருதி அங்கே பிறந்ததென்பர்.

குன்றத்தூர் முருகனைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் வழியில் கோவூரில் சற்றே இறங்கலாம். சஹானாக் கிருதியைப் பாடம் செய்த குழந்தை உடனிருந்தால், சந்நிதியில் பாடச் சொல்லுங்கள்.