இரண்டு இன்வேட்டர்கள், ஒரு மோட்டர்

நீண்ட காலம் இடம்பெயர்ந்திருந்து காணிக்குத் திரும்புகின்றவர்கள் முதலில் கிணற்றைத்தான் இறைக்கின்றார்கள். பழுதான நீரை வெளியேற்றிச் சேறள்ளி, ஊற்றுக் கண்ணைத் திறந்துவிட்டால் தோட்டம் செய்யலாம் என்ற நம்பிக்கை பிறக்கின்றது. அடுத்து, நாளாந்தம் தண்ணீரை எதனால் இறைப்பது? மண்ணெண்ணெய் இயந்திரத்தின் செலவு கட்டுபடியாகாது. மின்கம்பி எல்லா ஒழுங்கைகளுக்கும் வந்துவிடவில்லை. வந்த இடங்களிலும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே சூரியத் தகடு, பற்றரி, இன்வேட்டர் என்று பல குடும்பங்கள் யோசிக்கின்றன. பற்றரியின் நேரோட்டத்தை வீட்டுப் பாவனைக்குரிய 230 வோல்ற் ஆடலோட்டமாக மாற்றுவதே இன்வேட்டரின் வேலை.

அண்ணன் வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று இருக்கின்றது. தனியே எதுவும் கிணற்று மோட்டரை இழுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பே. அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள் என்பதே எமது முதல் வேண்டுகோள்.

துலா மிதித்தவர்களுக்குக் காரணத்தை இலகுவாகச் சொல்லலாம். துலாவில் நிற்கும் இருவரும் ஒரே நேரத்தில் முன்னே போய் ஒரே நேரத்தில் பின்னே வரவேண்டும். ஒருவர் முன்னும் மற்றவர் பின்னுமாக நடந்தால் வாளி மேலே வராது, ஆட்கள்தான் விழுவார்கள். ஆடலோட்டமும் இப்படி முன்னும் பின்னுமாகச் செக்கனுக்கு 50 தடவை நடக்கின்றது. ஒவ்வொரு நடையிலும் அழுத்தம் ஒரு பக்கம் 325 வோல்ற் வரை ஏறி, மறுபக்கமும் அதேயளவு போய்த் திரும்புகின்றது. இரண்டு சாதாரண இன்வேட்டர்களுக்கு ஒன்றின் அடி மற்றதற்குத் தெரியாது. வெளிவரும் கம்பிகளை முறுக்கிவிட்டால் ஒன்று மற்றதற்குள் மின்னைத் தள்ளும். கணப்பொழுதில் ஒன்றோ இரண்டுமோ கருகிவிடும். கடன்பட்டு வாங்கிய பொருள்!

மோட்டர் ஏன் இழுபடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு குதிரைவலு என்பது 746 வாற். ஓடும்போது அத்தகைய மோட்டர் 1,000 வாற்றுக்கு மேல் எடுக்கும். ஆனால் புறப்படும் அந்த ஓரிரு செக்கனில் ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். இன்வேட்டர் அங்கேதான் களைத்து நின்றுவிடுகின்றது. தோட்டத்துக்கு இறைப்பது மட்டுமே தேவையென்றால் இரண்டாவது இன்வேட்டர் வேண்டாம் என்பது எமது அபிப்பிராயம். அரைக் குதிரைவலு மோட்டரை வைத்துப் பகலில் தொட்டிக்கு இறைத்துக்கொள்ளலாம். சூரியத் தகட்டிலிருந்து நேரே ஓடும் நேரோட்டப் பம்பிக்குப் பற்றரியும் தேவையில்லை, இன்வேட்டரும் தேவையில்லை.

மா அரைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, மோட்டர் எல்லாவற்றையும் சில குடும்பங்கள் கூட்டாக நடத்த விரும்பினால் கதை வேறு. சமாந்தரமாக இணைப்பதற்கென்றே செய்யப்பட்ட இன்வேட்டர்கள் உண்டு. இவை ஒரு தொடர்புக் கம்பியால் பேசிக்கொண்டு அடியெடுத்து நடக்கும். பெரிய ஒன்றை வாங்காமல் சிறிய இரண்டை வாங்குவதில் எம்மவருக்கு இன்னுமொரு நன்மை உண்டு: பிறர் காணியில் இருப்பவர்கள் எழும்ப வேண்டி வந்தால் அவரவர் பங்கை அவரவர் தூக்கிக்கொண்டு போகலாம்.

இரண்டும் ஒரே கம்பனி, ஒரே மாதிரி, ஒரே அளவாக இருத்தல் வேண்டும். உள்ளே இருக்கும் மென்பொருளின் பதிப்பும் ஒன்றாக இருக்கவேண்டும். பெரும்பாலான மாதிரிகளில் இரண்டும் ஒரே பற்றரித் தொகுதியிலிருந்தே எடுக்கவேண்டும். 24 வோல்ற் பற்றரியிலிருந்து 3,000 வாற் எடுக்கும் ஓர் இன்வேட்டர் 125 அம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 250க்கு மேல். ஆகவே தடித்த கம்பி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பியூஸ், இரண்டுக்கும் ஒரே நீளக் கம்பி. ஒன்று கிட்ட இருக்கின்றது என்று கம்பியைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். வேலை செய்யும்போது மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி வைக்கப்பட வேண்டும்.

இன்வேட்டர் இரண்டானதால் பற்றரியில் மின் கூடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். 24 வோல்ற், 100 அம்பியர்-மணிப் பற்றரியில் இருப்பது 2.4 அலகு. ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். அப்படியானால் 1,200 வாற் எடுக்கும் மோட்டருக்கு அது ஒரு மணி நேரத்துக்கே போதும்.

இனிச் சோதனை. இதை மின்வேலை தெரிந்த ஒருவரே செய்யவேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியும் நடக்கின்றதா என்று பாருங்கள். முதலில் ஒவ்வொன்றையும் தனியே ஓடவிட்டுச் சுமை கொடுத்து, 230 வோல்ற், 50 மீடிறன் வருகின்றதா என்று பார்க்கவேண்டும். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தித் தொடர்புக் கம்பிகளைப் பூட்டி, இரண்டிலும் சமாந்தர அமைப்பைத் தெரிவுசெய்ய வேண்டும். கடைகளில் பரவலாக உள்ள ஒரு வகையில் இது 28ஆம் இலக்க அமைப்பில் இருக்கும்; மற்றவற்றுக்குக் கைந்நூலைப் பாருங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான படி. பலர் தவறவிடுவதும் இதுவே. நொதுமல் கம்பிகளை மட்டும் சேர்த்து, உயிர்க்கம்பிகளை இணைக்கும் சுவிச்சைப் போடாமல், இரண்டு உயிர்க்கம்பிகளுக்கும் இடையில் 750 வோல்ற் வரை காட்டும் மீற்றரை வைக்கவேண்டும். பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டினால் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. 460 அளவில் காட்டினால் ஒன்றில் உயிர்க்கம்பியும் நொதுமலும் மாறியிருக்கின்றன. 400 காட்டினால் மூன்று கட்ட அமைப்பில் விடப்பட்டிருக்கின்றது. முள்ளோ இலக்கமோ ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஒன்றுக்கொன்று பேசவில்லை. தொடர்புக் கம்பியைப் பாருங்கள். பூச்சியம் வரும்வரை சுவிச்சில் கை வைக்கக்கூடாது.

அதன்பின் முதற் சுமையாக மோட்டரைக் கொடுக்காதீர்கள். மின்கேத்தல் போன்ற ஒன்றைப் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை அம்பியர் கொடுக்கின்றது என்று கிளாம்ப் மீற்றரால் பாருங்கள். ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். ஒன்று சோம்பியிருந்து மற்றது சுமந்தால் கம்பி நீளத்தையும் முறுக்காணிகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். மோட்டரைக் கடைசியில் போட்டு, அது புறப்படும்போது பற்றரி அழுத்தம் எவ்வளவு விழுகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளி மின்கம்பி உள்ள வீடாயின் மாற்றுச் சுவிச் இல்லாமல் எதையும் தொடுக்கக்கூடாது. உங்கள் மின் திரும்பிப் போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்பவருடைய உயிர் போகும்.

மேலே சொன்ன வகையில் திரையில் 71 என்று வந்தால் மென்பொருள் பொருந்தவில்லை. 80 என்றால் தொடர்புக் கம்பிக் குறை. 86 என்றால் இரண்டின் அமைப்புகளும் வேறு. இவ்விலக்கங்களையும் நீங்கள் தெரிவுசெய்த அமைப்புகளையும் ஒரு தாளில் எழுதி இன்வேட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். மேலதிகத் தொடர்புக் கம்பி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். எலி முதலில் கடிப்பது அதைத்தான்.